22,000 குறுஞ்செய்திகளை அழிப்பதற்கு முன்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் போனில் இடமில்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. மெசேஜ் பகுதியைத் திறந்தால் பல வருடங்களாகச் சேர்ந்த 22,000 குறுஞ்செய்திகள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க வேண்டும். ஆனால் காலமாகிவிட்ட உங்கள் அண்ணன் அனுப்பியவை மட்டும் போய்விடக் கூடாது. அடுத்த மாதம் அந்தப் போனைத் தங்கை மகனுக்குக் கொடுக்கப் போகிறீர்கள். அதனால் அழித்ததை யாரும் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

இதை ஒரே கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் மூன்று கேள்விகள் தெரிகின்றன. இடம் வேண்டும், அண்ணனின் வார்த்தைகள் பத்திரமாக இருக்க வேண்டும், மீதி தடயமில்லாமல் போக வேண்டும். மூன்றையும் டெலிட் என்ற ஒரே பொத்தானால் முடிக்கப் பார்க்கும்போதுதான் ஏதாவது கைதவறிப் போகிறது. பழைய போனிலிருந்து புதிய போனுக்குத் தகவல்களை மாற்றித் தருவதும், தவறி அழிந்ததை மீட்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதும் 15 வருடங்களாக என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் நிலைமையில் அந்த 22,000 செய்திகளை உட்கார்ந்து அழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடம் பற்றிய கணக்கு எளிது. ஒரு எஸ்எம்எஸ் என்பது அதிகபட்சம் 140 பைட். 1992 டிசம்பர் 3 அன்று முதல் குறுஞ்செய்தி போனதிலிருந்து இன்றுவரை அந்த அளவு மாறவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குள் 160 எழுத்து அடங்கும், தமிழில் எழுதினால் 70. அந்த 70 என்பதும் நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்து இல்லை. 'வணக்கம்' என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து. போனுக்கோ ஏழு, ஏனென்றால் புள்ளி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணும். 70-ஐத் தாண்டினால் செய்தி 67, 67 ஆகத் துண்டாகிப் போய், வாங்குகிற போனில் மறுபடி ஒட்டப்படும். சரி, உங்கள் 22,000 செய்தியும் முழு நீளம் என்றே வைத்துக்கொண்டாலும், 140 பைட் வீதம் பெருக்கினால் 3 எம்பியைக் கொஞ்சம்தான் தாண்டும். அனுப்பியவர் எண், தேதி, தேடுவதற்கான அட்டவணை எல்லாம் சேர்த்துச் சில மடங்கு ஆகட்டும், அப்போதும் சில பத்து எம்பிதான். போனில் எடுக்கிற ஒரு நிமிட ஃபுல் எச்டி வீடியோ ஒன்றே 60-லிருந்து 130 எம்பி வரை பிடிக்கும். உங்கள் அண்ணனோடு பேசிய பேச்சு முழுவதும் ஒரு நிமிட வீடியோ அளவுகூட இருக்காது. இடமில்லாததற்கு அவை காரணமாக இருக்க முடியாது. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மெசேஜ் செயலிக்குள் இடத்தை அடைப்பவை செய்திகளோடு ஒட்டிவந்த படங்களும் வீடியோக்களும் ஆடியோக்களும்தான். எந்தப் போன் என்று நீங்கள் குறிப்பிடவில்லை, அதனால் இரண்டுக்கும் சொல்கிறேன். ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஐபோன் ஸ்டோரேஜ், அதில் மெசேஜஸ் என்று போனால் வீடியோ, படம், ஸ்டிக்கர் என்று தனித்தனியாகப் பிரித்து, பெரியது மேலே வரும்படி காட்டும். வேண்டாததை அங்கேயே அழிக்கலாம், பேச்சு அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு உரையாடலுக்கும் உள்ளே போய், அதில் பகிரப்பட்ட படங்கள் உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய கொள்ளை வழக்கமாக வேறு இடத்தில் இருக்கும்: அரட்டைச் செயலிகள் தானாக இறக்கிவைத்த வீடியோக்கள், கேமரா படங்கள், எப்போதோ இறக்கி மறந்த கோப்புகள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்து எது முதலிடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இடப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டில் இடம் தேடிப் போகிறவர்கள், செயலிகள் பட்டியலில் சிஸ்டம் செயலிகளையும் காட்டச் சொல்லி, 'ஃபோன் அண்ட் மெசேஜிங் ஸ்டோரேஜ்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதில் 'கிளியர் டேட்டா' கொடுத்துவிடுகிறார்கள். பெயரைப் பார்த்தால் ஏதோ தற்காலிகக் குப்பை போலத் தோன்றும். உங்கள் குறுஞ்செய்திகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிற இடமே அதுதான். நாம் திறந்து படிக்கிற மெசேஜ் செயலி வெறும் ஜன்னல், சரக்கு இருப்பது அந்தக் கிடங்கில். அதைத் தொடவே தொடாதீர்கள். அதேபோல, 'எல்லா மெசேஜையும் ஒரே தட்டில் சுத்தம் செய்யும்' என்று வருகிற இலவசச் செயலிகளையும் போடாதீர்கள். ஆண்ட்ராய்டு 4.4 வந்த 2013-லிருந்து, இயல்பு மெசேஜ் செயலியாக நீங்கள் அமர்த்திய ஒன்றுதான் செய்திகளை எழுதவும் அழிக்கவும் முடியும். ஆகவே அழிப்பதாகச் சொல்லும் எந்தச் செயலியும் முதலில் அந்த இடத்தைத்தான் கேட்கும். கொடுத்துவிட்டால் உங்களுக்கு வருகிற ஒவ்வொரு ஓடிபியும் அதன் கண்முன் போகும். ஒரு வேலைக்காக வீட்டுச் சாவியையே கொடுப்பது மாதிரி அது. கூகுள் தன் பிளே ஸ்டோரில் 2019 முதல் இந்த அனுமதியை இறுக்கியிருக்கிறது என்றாலும், வேறு வழிகளில் வந்து சேரும் செயலிகளை அது தடுக்காது.

இனி அண்ணனின் செய்திகள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப்படுவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற எதைச் செய்வதற்கும் முன்னால், இன்றைக்கே, அவற்றை அந்தப் போனுக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். உரையாடலை மேலே பின் செய்து வைப்பது, செய்திக்கு நட்சத்திரம் போடுவது எல்லாம் கண்டுபிடிக்க வசதி, அவ்வளவுதான். அவை பூட்டு ஆகாது.

ஆண்ட்ராய்டு என்றால் எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் என்ற செயலி நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நான் பல வருடமாகப் பயன்படுத்துவதும் அதுதான். எல்லாச் செய்தியையும் எடுக்காமல், தேர்ந்தெடுத்த உரையாடலை மட்டும் எடுக்கச் சொல்லலாம். அது எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எழுத்து, எண், தேதி, நேரம் எல்லாம் அதற்குள் இருக்கும். பிற்காலத்தில் அந்தச் செயலியே இல்லாமல் போனாலும், எந்தக் கணினியிலும் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்கலாம். ஐபோனில் உரையாடலை வெளியே எடுக்க நேரடி வழி கிடையாது. யாரிடமாவது மேக் கணினி இருந்து, அதில் உங்கள் ஆப்பிள் கணக்கில் மெசேஜஸ் ஒத்திசைந்திருந்தால், உரையாடலை மேலே பழையதுவரை உருட்டிக் கொண்டுபோய், பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். மேக் இல்லையென்றால் ஸ்கிரீன்ஷாட்தான்.

ஸ்கிரீன்ஷாட் என்றால் பலர் சளைத்துப் போகிறார்கள். அண்ணனின் செய்திகள் 300 இருந்தால், ஒரு திரையில் ஆறேழு வரும், 60 படத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாலை நேர வேலை. எடுக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் கடைசிச் செய்தியில் தொடங்கட்டும், அப்போதுதான் பிறகு வரிசை குழம்பாது. ஐபோனில் உரையாடலை விரலால் இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு செய்திக்கும் நேரம் தெரியும். ஆண்ட்ராய்டில் பல செயலிகளில் செய்தியைத் தட்டினால் தெரியும். முக்கியமான செய்திகளையாவது நேரத்தோடு எடுங்கள். 'வந்துட்டேன்' என்ற ஒரு சொல், அது எந்த நாள் எந்த நேரம் வந்தது என்று தெரியும்போது வேறாகிவிடும். இப்போது அது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். பத்து வருடம் கழித்து அந்தத் தேதிக்காகத் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐபோனில் அண்ணன் குரல் பதிவு ஏதாவது அனுப்பியிருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். மெசேஜஸில் வருகிற ஆடியோ, கேட்டு முடித்து 2 நிமிடத்தில் தானாக அழியும்படிதான் அமைத்துத் தருகிறார்கள். அந்த அமைப்பை முதலில் 'நெவர்' என்று மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு திறந்து கேளுங்கள்.

பிரதி எடுத்தாயிற்று என்றால் அதை இரண்டு இடத்தில் வையுங்கள், இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருக்க வேண்டாம். முடிந்தால் தாளிலும் அச்சிடுங்கள். தாளைத் திறக்கப் பாஸ்வேர்டு தேவையில்லை.

'ஏற்கெனவே பேக்கப் ஆகிக்கொண்டுதானே இருக்கிறது' என்று நீங்கள் கேட்கலாம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பேக்கப் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் புழங்குகின்றன. ஒன்று, ஒரு நாளின் நிலையைப் படம்பிடித்து எங்கோ வைத்திருப்பது. மற்றொன்று ஒத்திசைவு, அதாவது எல்லாச் சாதனத்திலும் ஒரே மாதிரி காட்டுவது. ஐகிளவுடில் மெசேஜஸ் என்று ஆப்பிள் 2018-இல் கொண்டுவந்தது இரண்டாவது வகை. அது கண்ணாடி மாதிரி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதை இயக்கி வைத்திருந்தால், வழக்கமான ஐகிளவுட் பேக்கப்புக்குள் செய்திகள் தனியாக வைக்கப்படுவதும் இல்லை.

2019-இல் ஒரு பெரியவர் வந்தார். ஐபோனில் மெசேஜ் அதிகமாகிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 'கீப் மெசேஜஸ்' என்ற இடத்தில் 30 நாள் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். இனி வருபவை 30 நாளுக்குப் பிறகு போகும் என்று நினைத்திருக்கிறார். அந்த அமைப்பு முன்னோக்கி மட்டும் வேலை செய்வதில்லை. தேர்ந்தெடுத்து உறுதி செய்த அந்தக் கணமே 30 நாளுக்கு முந்தையவை அனைத்தும் போய்விடும். மறைந்த மனைவியின் நான்கு வருடச் செய்திகள் போயிருந்தன. அப்போது ஐபோனில் அழித்தவற்றுக்கான தொட்டி கிடையாது. போனில் செய்வதற்கு எதுவும் இல்லாததால், அதே கணக்கில் வேறு எந்தச் சாதனமாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். பேத்தி விளையாடிய பழைய டேப்லெட் ஒன்று சார்ஜ் தீர்ந்து அலமாரியில் கிடப்பதாகச் சொன்னார். அதை இயக்குவதற்கு முன் வீட்டு வைஃபை ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னேன். அது இணையத்தைத் தொட்டால் போதும், போனில் நடந்த அழிப்பு அங்கேயும் நடந்துவிடும். ரவுட்டர் அணைந்த வீட்டில் அந்த டேப்லெட்டைத் திறந்தபோது செய்திகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக உருட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணி ஆயிற்று. அந்த டேப்லெட் அன்று சார்ஜில் இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. நீங்களும் அந்த 30 நாள், ஒரு வருடம் என்ற அமைப்புகளின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்குப் பேக்கப் முதல் வகை, அதாவது படம்பிடித்து வைப்பது. எஸ்எம்எஸ்-ம் அதில் அடங்கும். ஆனால் அதற்கு இரண்டு குறை உண்டு. அதிலிருந்து வேண்டிய ஒரு செய்தியை மட்டும் எட்டி எடுக்க முடியாது, போனைப் புதிதாக அமைக்கும்போது மொத்தமாகத்தான் இறக்க முடியும். அப்புறம், அந்தப் போனை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அதன் பேக்கப்பை கூகுள் நீக்கிவிடும். ஐகிளவுட் பேக்கப்புக்கு அந்தக் கெடு 180 நாள். பழைய போனைக் கைமாற்றப் போகிற உங்களுக்கு இந்த இரண்டு எண்ணும் முக்கியம். 'கூகுளில் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால் இரண்டு மாதத்தில் ஒன்றும் இருக்காது.

அழிக்கும் முறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிற புதிய போனுக்கு அது உதவும். உரையாடலை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தட்டித் தேர்ந்தெடுத்து, தொட்டிப் படத்தைத் தட்டினால் போகும். ஐபோனில் பட்டியலின் மேலே உள்ள எடிட் வழியாக, செலக்ட் மெசேஜஸ். ஆர்க்கைவ் என்பது அழிப்பு அல்ல, கண்ணிலிருந்து மறைப்பது மட்டுமே. இரண்டு மெசேஜ் செயலி வைத்திருந்து, ஒன்றில் அழித்தது மற்றொன்றில் இருக்கிறதே என்று குழம்பினால், நான் முன்பு சொன்ன இயல்புச் செயலி விதிதான் காரணம், அந்தச் செயலியிலிருந்து அழியுங்கள். ஓடிபி குவிவதைத் தடுக்க ஐஓஎஸ் 17-லிருந்து, தானாக நிரப்பிய எண்ணை உடனே சுத்தம் செய்யும் அமைப்பு இருக்கிறது. கூகுள் மெசேஜஸிலும் சில நாடுகளில் 24 மணி நேரத்தில் ஓடிபியை அழிக்கும் அமைப்பு உண்டு. இரண்டையும் தயங்காமல் இயக்கலாம். மிரட்டலோ, பணத் தகராறோ, துன்புறுத்தலோ சம்பந்தப்பட்ட செய்தி ஏதாவது இருந்தால் மட்டும், மனதுக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அழிக்காதீர்கள். வழக்கு என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட்டைவிட, போனில் அப்படியே இருக்கும் மூலச் செய்திக்குத்தான் மதிப்பு அதிகம்.

இனி மூன்றாவது கேள்வி: அழித்தது உண்மையில் போய்விடுகிறதா? இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பல போன்களில் அழித்தவை முதலில் ஒரு தொட்டிக்குத்தான் போகின்றன. 2022-இல் வந்த ஐஓஎஸ் 16-லிருந்து 'ரீசன்ட்லி டெலிட்டட்' என்ற பகுதியில் 30 நாள் வரை இருக்கும், சில சமயம் 40 நாள்கூட ஆகும் என்று ஆப்பிளே சொல்கிறது. சாம்சங் மெசேஜஸ் செயலியிலும் 30 நாள் தொட்டி இருக்கிறது. அதுவரை யார் கையில் போன் இருந்தாலும் இரண்டு தட்டில் திரும்ப எடுக்கலாம். இதில் சந்தேகமே இல்லை.

தொட்டியையும் காலி செய்த பிறகுதான் விஷயம் மங்கலாகிறது. செய்திகள் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதை ஒரு கணக்குப் புத்தகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை நீக்கச் சொன்னால், ரப்பரால் அழிப்பதற்குப் பதிலாக, 'இந்த இடம் இனி காலி, அடுத்த கணக்கை இங்கே எழுதலாம்' என்று ஓரத்தில் குறித்துவைப்பது அந்தத் தரவுத்தளத்தின் இயல்பு. புதிதாக எழுதும்வரை பழைய மை கிடக்கலாம். அழிக்கும்போதே பூஜ்யங்களை எழுதி மூடும்படி அதை அமைக்கவும் முடியும். எந்தப் போனில் எது, எவ்வளவு நேரம் மை மிஞ்சும் என்று வெளியிலிருந்து யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தடயவியல் ஆய்வகங்கள் தனிக் கருவிகளால், பூட்டுத் திறந்த போனிலிருந்து சிலவற்றை மீட்பதுண்டு. ஆனால் தங்கை மகனோ, அவன் நண்பனோ, கணினியில் ஏதோ மென்பொருளைப் போட்டு மீட்டுவிடுவார்கள் என்ற பயம் இன்றைய போன்களுக்குப் பொருந்தாது. இன்றைய போன்களில் சேமிப்பு முழுவதும் சங்கேதமாக்கப்பட்டிருக்கிறது (என்கிரிப்ஷன்), அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது, அந்த மென்பொருள்களால் அதன் உள்ளே நுழையவே முடியாது. '100% மீட்டுத் தருகிறோம்' என்று பணம் கேட்கிறவையும் பெரும்பாலும் போனில் ஏற்கெனவே இருப்பவற்றைத்தான் பட்டியலிட்டுக் காட்டும். நான் பணம் கட்டிப் பார்த்த எதுவும் உண்மையில் அழிந்த எஸ்எம்எஸ் ஒன்றைக்கூடத் தந்ததில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அண்ணனின் செய்திகளைத் தவறி அழித்துவிட்டால் என்ன செய்வது? பதறி நான்கைந்து மீட்புச் செயலிகளை இறக்காதீர்கள், ஒவ்வொரு இறக்கமும் அந்தக் காலியிடத்தின் மேல்தான் எழுதும். முதலில் விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபையையும் நிறுத்துங்கள், ஒத்திசைவு நிற்கும். தொட்டியைப் பாருங்கள். அதே கணக்கில் உள்ள மற்றச் சாதனங்களைப் பாருங்கள், கைக்கடிகாரம் உட்பட. ஆண்ட்ராய்டு 11 முதல் அறிவிப்பு வரலாறு என்று ஒன்று உண்டு. அது முன்கூட்டியே இயக்கத்தில் இருந்திருந்தால், கடந்த 24 மணி நேரத்தில் வந்த செய்தியின் எழுத்து அங்கே கிடைக்கலாம். பிறகு, கணக்கின் பேக்கப் கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது என்று வேறொரு சாதனத்திலிருந்து பாருங்கள். அழிப்பதற்கு முந்தைய தேதி என்றால் போனை அன்றிரவு சார்ஜிலும் வைஃபையிலும் சேர்த்து விடாதீர்கள். அப்போதுதான் புதிய பேக்கப் பழையதன் மேல் எழுதும். இவை எதிலும் இல்லையென்றால், உங்கள் அண்ணனின் போன் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் அனுப்பியவற்றின் பிரதி அதில் இருக்க வாய்ப்பு உண்டு. இதை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

அதே காரணத்தால், நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பியவை உங்கள் போனில் அழிந்தாலும் அவர்கள் போனில் இருக்கும். எஸ்எம்எஸ்-ஐத் திரும்பப் பெறும் வசதி கிடையாது. ஆப்பிள் சாதனங்களுக்கிடையே இணையம் வழியாகப் போகிற ஐமெசேஜ் என்றால், அனுப்பிய 2 நிமிடத்துக்குள் திரும்பப் பெறலாம். தொலைபேசி நிறுவனத்திடம் என்ன இருக்கும் என்றால், யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற பதிவு நிச்சயம் சில காலம் இருக்கும். எவ்வளவு காலம், செய்தியின் உள்ளடக்கமும் சேர்த்தா என்பது நாட்டுக்கு நாடு, சட்டத்துக்குச் சட்டம் மாறும். உங்கள் கையில் உள்ள போனைச் சுத்தம் செய்வதால் அதில் எந்த மாற்றமும் வராது. கணினியில் எப்போதாவது மெசேஜைத் திறந்து பார்த்திருந்தால், கூகுள் மெசேஜஸ் செயலியில் 'டிவைஸ் பேரிங்' பகுதிக்குப் போய்ப் பழைய இணைப்புகளைத் துண்டித்துவிடுங்கள்.

போனைக் கொடுப்பதற்கு வருவோம். கையால் 22,000-ஐ அழிக்கத் தேவையில்லை என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்: ஃபேக்டரி ரீசெட், அதாவது போனைப் புதிதாக வாங்கிய நிலைக்குத் திருப்புவது, செய்தாலே அந்தச் சங்கேதத்தின் சாவி அழிந்துவிடும். சாவி இல்லாமல் உள்ளே எஞ்சியிருப்பது அர்த்தமற்ற எண்களின் குவியல். ஐபோன்களில் 2009-இல் வந்த 3ஜிஎஸ் முதலே வன்பொருள் சங்கேதம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த எல்லாப் போன்களுக்கும் அது கட்டாயம். அதைவிட மிகப் பழைய ஆண்ட்ராய்டு என்றால், செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு ரீசெட் செய்யுங்கள்.

கையால் அழிப்பது தேவையில்லாதது மட்டும் இல்லை, ஐபோனில் அது ஆபத்தும்கூட. பழைய போனும் புதிய போனும் ஒரே கணக்கில் இருக்கும்போது, 'கொடுக்கப் போகிற போன்தானே' என்று பழையதில் செய்திகளை அழித்தால், புதியதிலும் அழிந்துவிடும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. எனவே இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பிரதி எடுங்கள். புதிய போனுக்கு மாற்றுங்கள். புதியதில் அண்ணனின் உரையாடலைத் திறந்து, மேலே மிகப் பழைய செய்திவரை உருட்டிப் படித்துப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள், கடைசிச் சில மாதங்கள் மட்டும் வந்திருக்கலாம். அது முழுமை என்று தெரிந்த பிறகு, பழைய போனில் எதையும் அழிக்காமல், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வெளியேறாமல் ரீசெட் செய்தால், சில சமயம் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்து, உங்கள் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், பையனால் போனைத் திறக்க முடியாது. அதன் பிறகு ரீசெட். ஐபோனில் அதற்குப் பெயர் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்'. மெமரி கார்டு போட்டிருந்தால் அதைக் கையோடு எடுத்துவிடுங்கள், ரீசெட் அதைத் தொடாமலே விட்டிருக்கலாம்.

சிம்மைக் கழற்றுவதற்கு முன் இன்னொன்று. பழைய காலப் போன்கள் செய்திகளைச் சிம்மிலேயே சேமிக்கும், சில பத்துச் செய்திகள்தான் அதில் கொள்ளும். உங்கள் எண் பல வருடமாக அதே சிம்மில் இருந்தால், ஸ்மார்ட்போன் வாங்குவதற்கு முந்தைய செய்திகள் ஒருசில அதில் தங்கியிருக்கலாம். பல ஆண்ட்ராய்டு மெசேஜ் செயலிகளில் செட்டிங்ஸுக்குள் கூடுதல் அமைப்புகள் பகுதியில் சிம் கார்டில் உள்ள செய்திகளைக் காட்டும் இடம் இருக்கிறது. அண்ணன் அந்த நாட்களில் அனுப்பியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் போனுக்கு நகலெடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் சிம்மைக் கழற்றுங்கள். எந்தப் போன், எந்த வருடத்து மாடல் என்று எழுதினால், அந்த இடம் எங்கே என்று சரியாகச் சொல்கிறேன்.